சுசுமு ஓனோவை நாம் ஒரே வரிக்குள் அடைத்துவிட்டோமா?

#1 கிழக்குவாசல் | ஜனவரி 15, இரவு 9.10

பொங்கல் வந்தாச்சு, அந்த வாட்ஸப் செய்தியும் வந்தாச்சு. "ஜப்பானிய மொழி தமிழிலிருந்து பிறந்தது, டோக்கியோ பேராசிரியர் நிரூபித்தார்." கூடவே ஒரு பெரியவர் படம்: ஜப்பானிய மொழியறிஞர் சுசுமு ஓனோ. இந்த வருஷம் நாலு குழுவிலிருந்து வந்தது. ஒன்றில் அவர் பெயர் "சுசுகி ஓனோ" ஆகி, மோட்டார் கம்பெனிக்காரர் மாதிரி நிற்கிறார்.

நான் ஜப்பானில், டோக்கியோ பக்கத்துச் சிபாவில் மொழிபெயர்ப்பு வேலையில் இருக்கிறேன். பக்கத்து மேசையில் இருக்கும் ஜப்பானிய அம்மாவிடம் இதைக் காட்டினேன். "ஓனோ சுசுமுவா? அந்தப் பயிற்சிப் புத்தகக்காரர்தானே? எங்க வீட்லயும் இருக்கே!" என்றார். தமிழ் விஷயம் அவருக்குத் தெரியவே தெரியாது. நமக்கோ அந்தப் பயிற்சிப் புத்தகம் தெரியாது. ஒரே மனுஷர், இரண்டு நாட்டில் இரண்டு ஆள்.

புத்தகத்தின் பெயர் 'நிஹோங்கோ ரென்ஷூச்சோ', அதாவது ஜப்பானிய மொழிப் பயிற்சி ஏடு. 1999-இல் இவானாமி பதிப்பகத்தின் கையடக்க வரிசையில் வந்து, பத்து லட்சம் பிரதிகளையெல்லாம் தாண்டி ஓடியது. அப்போது அவருக்கு வயது 79. பழைய புத்தகக் கடையில் நூறு யென்னுக்கு வாங்கிவந்தேன். முதல் பயிற்சியே 'ஒமோவு', 'கங்காஎரு' இரண்டுக்கும் என்ன வித்தியாசம் என்று கேட்கிறது. நம்மில் 'நினை', 'யோசி' மாதிரி. இன்றைக்கு என்ன சமைக்கலாம் என்று யோசிக்கலாம். அதை 'நினைக்க' முடியாது. காதலியை நினைக்கலாம்; காதலியை 'யோசித்தால்' சிக்கல். ஜப்பானியத்திலும் கோடு கிட்டத்தட்ட அங்கேதான் விழுகிறது. அரை மணி நேரம் ரயிலில் அதையே அசைபோட்டுக்கொண்டு இறங்க வேண்டிய ஸ்டேஷனை விட்டேன்.

இன்னொரு பயிற்சி: சுமார் 1,400 எழுத்து நாளிதழ்த் தலையங்கத்தை 400 எழுத்துக்குச் சுருக்கு. 'நோ தெ அரு' என்று கம்பீரமாக முடிக்கும் வாலை வெட்டு. "ஆனால்" மாதிரி வரும் 'கா'வைப் போட்டு வாக்கியத்தை இழுக்காதே. நம்ம ஊர்த் தலையங்கங்களில் "என்பதில் ஐயமில்லை" என்பதை மட்டும் தடை செய்தாலே பாதி பக்கம் காலியாகும்.

இங்கே யாராவது அவருடைய மற்ற வேலைகளைப் படித்திருக்கிறீர்களா? அந்த ஒரு வரியைத் தாண்டிப் பேசுவோமே.

#2 சோழன்82 | ஜனவரி 15, இரவு 9.48

நல்ல இழை, ஆனா தொனி சரியில்ல நண்பா. ஒரு ஜப்பான்காரர் அறுபது வயசுல தமிழ் கத்துக்கிட்டு, நம்ம சங்க இலக்கியத்தைப் புரட்டி, ஐநூறு சொல்லுக்கு மேல ஒப்பிட்டுக் காமிச்சிருக்கார். பொங்கல் வரைக்கும் ஒப்பிட்டிருக்கார். அதைச் சொன்னா "ஃபார்வர்டு"ங்கறீங்க. வெள்ளைக்காரன் சமஸ்கிருதத்தையும் லத்தீனையும் முடிச்சுப்போட்டா அறிவியல், நம்மளைச் சொன்னா மட்டும் வாட்ஸப்பா?

#3 மெய்யெழுத்து | ஜனவரி 15, இரவு 11.30

சோழன், உங்கள் கோபம் நியாயமானதுதான். ஆனால் அவரை முழுதாகப் பார்த்தால் கதை இன்னும் சுவாரசியமானது. நீளமாக எழுதப்போகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஓனோ 1919-இல் டோக்கியோவின் ஃபுகாகவாவில் பிறந்தவர். 1943-இல் டோக்கியோ ஏகாதிபத்தியப் பல்கலைக்கழகத்தில் பட்டம். அங்கே அவருடைய ஆசான் ஹஷிமோட்டோ ஷின்கிச்சி. ஓனோவைப் புரிந்துகொள்ள இந்த ஆசானைப் புரிந்துகொண்டே ஆக வேண்டும்.

எட்டாம் நூற்றாண்டு ஜப்பானியர் சீன எழுத்துகளை ஒலிக்காக மட்டும் எடுத்து எழுதினார்கள். 'மி' என்ற ஒலிக்குப் பல சீன எழுத்துகள். பார்த்தால் மனம்போனபடி எழுதியது போலிருக்கும். ஹஷிமோட்டோ அவற்றைப் பிரித்து அடுக்கிப் பார்த்தார். சில சொற்களில் ஒரு கூட்டம் எழுத்துகள்தான் வருகின்றன, வேறு சிலவற்றில் இன்னொரு கூட்டம், இரண்டும் கலப்பதில்லை. அதாவது அன்றைக்கு 'மி' இரண்டு இருந்திருக்கின்றன. 'கி', 'ஹி', 'கே', 'கோ' போன்றவற்றிலும் அப்படியே. இன்று ஐந்து உயிர் உள்ள மொழியில் அன்று எட்டு உயிர் இருந்திருக்கலாம் என்ற முடிவு இதிலிருந்து வந்தது. இந்த விஷயத்தைப் பதினெட்டாம் நூற்றாண்டிலேயே மொட்டோஓரி நொரினாகாவும் அவர் மாணவர் இஷிஸுகா தட்சுமாரோவும் மோப்பம் பிடித்துவிட்டார்கள், ஆனால் யாரும் பொருட்படுத்தவில்லை.

இதனால் என்ன ஆயிற்று? ஜப்பானியத்தில் 'கமி' என்றால் கடவுள். 'கமி' என்றால் மேலே என்றும் பொருள். "மேலே இருப்பவர், அதனால் கமி" என்பது பாமரர் முதல் பண்டிதர் வரை சொல்லிவந்த விளக்கம். எவ்வளவு அழகு! ஆனால் பழைய ஏடுகளில் கடவுளின் 'மி' வேறு வகை, மேலேயின் 'மி' வேறு வகை. விளக்கம் அங்கேயே விழுந்தது. ஓனோ வளர்ந்தது இந்தப் பள்ளியில். 1953-இல் 'நிஹோன் ஷொகி' என்னும் எட்டாம் நூற்றாண்டு வரலாற்று நூலின் எழுத்துமுறை பற்றி அவர் எழுதிய புத்தகம் இந்த வழியில் வந்ததுதான். 'மன்யோஷு' என்னும் பழங்கவிதைத் தொகுப்புக்கும் 'நிஹோன் ஷொகி'க்கும் இவானாமி வெளியிட்ட உரைப்பதிப்புகளில் அவர் கை உண்டு. 'கோஜியென்' அகராதியின் முதல் பதிப்பில் (1955) அடிப்படைச் சொற்களுக்கு விளக்கம் எழுதியவர்களில் அவரும் ஒருவர்.

1956-இல் இன்னொரு வேலை. பழைய இலக்கியங்கள் ஒவ்வொன்றிலும் எத்தனை பெயர்ச்சொல், எத்தனை வினைச்சொல் என்று எண்ணினார். கணினி வராத காலம். கவிதைத் தொகுப்பிலிருந்து கட்டுரை, நாட்குறிப்பு, கதை என்று போகப்போகப் பெயர்ச்சொல் விகிதம் குறைகிறது, வினையும் பெயரடையும் ஒழுங்காக ஏறுகின்றன. 'ஓனோவின் சொல்தொகை விதி' என்று இன்றும் அங்கே பாடத்தில் இருக்கிறது. சங்கப் பாடல், உரைநடை, நாவல் என்று தமிழில் எண்ணிப் பார்க்க யாராவது முன்வந்தால் நான் சோறு போடுகிறேன்.

தமிழ் பற்றி நாளை.

#4 என்3_பயணி | ஜனவரி 16, காலை 7.05

வணக்கம் எல்லாருக்கும், நான் புதுசு. சென்னைல ஜப்பானிய வகுப்பு போய்ட்டிருக்கேன், ஜூலைல என்3 தேர்வு (ஜப்பானிய மொழித் தேர்வுல நடு நிலை). எனக்கு ஒரு சந்தேகம். எங்க வகுப்புல ஹிந்திக்காரங்க திணர்ற இடத்துல நாங்க சும்மா ஊதித்தள்ளிடறோம்.

தபேதெ மிரு = சாப்பிட்டுப் பார்
இத்தெ குரு = போய்ட்டு வா
ஷிதெ ஷிமாவு = செஞ்சுடு
ஷிதெ ஒகு = செஞ்சு வை

'மிரு'ன்னா பார், 'ஒகு'ன்னா வை. அப்படியே நம்ம துணைவினை! "சாப்பிட்டுப் பாக்கறேன்"ல எதையும் கண்ணால பாக்கறதில்ல, அங்கயும் அதே. இதுக்கப்புறமும் சொந்தம் இல்லைங்கறீங்களா?

#5 மெய்யெழுத்து | ஜனவரி 16, காலை 8.20

நல்ல கவனிப்பு. ஆனால் கொரியனும் இதையே செய்கிறது. அங்கேயும் 'சாப்பிட்டுப் பார்' என்றுதான் சொல்வார்கள். துருக்கியிலும் வினை கடைசியில், வேற்றுமை உருபு பெயருக்குப் பின்னால். வீட்டுக்கு முன்னால் திண்ணை வைத்துக் கட்டியவர்களெல்லாம் பங்காளிகள் ஆகிவிட மாட்டார்கள். உறவைக் காட்டச் சொற்களும், அவற்றுக்குள் பிசகாமல் திரும்பத் திரும்ப வரும் ஒலி ஒழுங்கும் வேண்டும்.

தேர்வுக்கு வாழ்த்து. 'வா', 'கா' என்ற இரண்டு இடைச்சொற்களின் வித்தியாசத்துக்கு ஓனோவின் விளக்கம்தான் எளிது: கேட்பவருக்கு ஏற்கெனவே தெரிந்ததற்கு 'வா', புதிதாக வருவதற்கு 'கா'. "ஒரு ஊர்ல ஒரு தாத்தா இருந்தார்" என்னும்போது தாத்தாவுக்குக் 'கா'. "அந்தத் தாத்தா விறகு வெட்டப் போனார்" என்னும்போது 'வா'. எல்லா இடத்துக்கும் பொருந்தாது, ஆனால் பாதி மதிப்பெண் வாங்கித் தரும்.

#6 வடமராட்சியான் | ஜனவரி 16, பகல் 1.15

தம்பி என்3, நீர் ஒண்டை விட்டிட்டீர். ஜப்பானில 'கொரே', 'சொரே', 'அரே', 'தொரே'. உங்கட தமிழ்நாட்டில இது, அது, எது எண்டு மூண்டுதான். எங்களிட்ட நாலும் இருக்கு: இது, உது, அது, எது. 'உது' எண்டா உம்மட கையில, உமக்குக் கிட்ட இருக்கிறது. "உதை இஞ்ச தாரும்." ஜப்பான்காரன்ர 'சொரே'யும் அதுதான். வகுப்பில 'சொரே'க்கு அரை மணித்தியாலம் விளக்கம் குடுப்பினம், எங்களுக்கு ஒரு நிமிசம் காணும். (மெய்யெழுத்து வந்து "கொரியனிலும் உண்டு" எண்டு சொல்லப்போறார், தெரியும்.)

இன்னொரு விசயம். ஓனோவோட சேர்ந்து வேலை செய்தவையைப் பற்றி ஒருத்தரும் கதைக்கேல்லை. யாழ்ப்பாணப் பல்கலைக்கழகப் பேராசிரியர் அருணாசலம் சண்முகதாஸ், அவற்ற மனைவி மனோன்மணி சண்முகதாஸ் ரெண்டு பேரும் ஓனோ படிப்பிச்ச டோக்கியோ ககுஷுயின் பல்கலைக்கழகத்துக்குப் போய் அவரோட ஆய்வு செய்தவை. மனோன்மணி அம்மா சங்கப் பாட்டையும் மன்யோஷுவையும் வைச்சு ஒப்பிட்டு எழுதினவா. சென்னையில தமிழறிஞர் பொற்கோ ஐயா. எங்கட ஆக்களின்ர உழைப்பும் அதுக்குள்ள இருக்கு, அதைச் சொல்லாமல் ஜப்பான்காரர் தனிய வந்து கண்டுபிடிச்சமாதிரி ஃபார்வர்டு வருது.

#7 சோழன்82 | ஜனவரி 16, மாலை 6.40

வடமராட்சி அண்ணா, அருமை. எனக்கு இந்த யாழ்ப்பாண விவரம் தெரியாது.

சரி மெய்யெழுத்து, பொங்கலுக்கு என்ன சொல்றீங்க? வடக்கு ஜப்பான்ல ஜனவரி 15 வாக்குல 'சின்னப் புத்தாண்டு' கும்பிடறாங்க. "ஹொங்கரா ஹொங்கரா"ன்னு கத்தறாங்க, காக்காய்க்குச் சோறு வைக்கறாங்க. பழைய ஜப்பானியத்துல 'ஹ' எல்லாம் 'ப'வா இருந்துச்சுன்னு அவங்களே ஒத்துக்கறாங்க. ஹொங்கராவைத் திருப்பிப் போட்டா பொங்கலோ பொங்கல். கனுப்பிடி வச்சு காக்காயைக் கூப்பிட்ட எங்க அத்தையைப் பாத்த எனக்கு இது சிலிர்த்துச்சு.

#8 நெல்வயல் | ஜனவரி 16, இரவு 8.02

நான் மொழிக்காரன் இல்ல, விவசாயத்துறை. நெல்லைப் பத்தி மட்டும் சொல்றேன். ஓனோ கடைசியா சொன்னது என்னன்னா, யயோய் காலத்துல (ஜப்பான்ல நெல் விவசாயம் பரவுன காலம்) நெல்லு, இரும்பு, நெசவு மூணையும் கொண்டுக்கிட்டுத் தமிழ் பேசுறவங்க கடல் வழியா வந்தாங்க, அங்க இருந்தவங்க அந்தப் பேச்சைத் தங்க வாய்க்கு ஏத்த மாதிரி கலந்துக்கிட்டாங்க. ஆனா ஜப்பான்ல விளையுறது ஜபோனிக்கா, குட்டை மணி, ஒட்டுற சோறு. அது யாங்சி ஆத்துப்பக்கம் இருந்து கொரியா வழியா கியூஷூவுக்குப் போனதுன்னுதான் தொல்லியல் ஆளுங்க சொல்றாங்க. நம்ம பக்கம் பெரும்பாலும் இண்டிகா. விதை வேற வழியில வந்திருக்கு, சொல்லு மட்டும் நம்மகிட்டேருந்து போச்சுன்னா இடிக்குது. போதாக்குறைக்கு 2003-ல கார்பன் கணக்குப் போட்டு யயோய் ஆரம்பத்தை கி.மு. பத்தாம் நூற்றாண்டு வரை பின்னாடி தள்ளிட்டாங்க. நம்ம சங்கப் பாட்டு அதுக்கு எத்தனையோ நூறு வருஷம் பிந்தி.

அவர் சொன்ன ஜோடியில ஒண்ணு எனக்குப் பிடிச்சது: வயலுக்கு அங்க 'தாம்போ', இங்க 'தம்பல்'. தம்பலடிக்கிறதுன்னா சேத்து வயல்ல மாட்டை ஓட்டி மிதிக்க விடுறது. இப்ப டிராக்டர் வந்ததுக்கப்புறம் அந்தச் சொல்லே செத்துப்போச்சு, ஒரு ஜப்பான்காரர் எடுத்து வச்சிருக்காரேன்னு இருந்துச்சு.

#9 மெய்யெழுத்து | ஜனவரி 16, இரவு 10.55

தம்பலையே எடுத்துக்கொள்வோம். பழைய ஜப்பானியத்தில் வயலுக்குச் சொல் 'தா', அவ்வளவுதான். 'தாம்போ' பிற்காலத்து வடிவம். ஒப்பிடுவதாக இருந்தால் 'தா'வோடுதான் ஒப்பிட வேண்டும். அப்படிச் செய்தால் 'ம்பல்' அந்தரத்தில் தொங்குகிறது.

என்னை உறுத்துவது இந்த இடம்தான். ஒற்றை 'மி' பொருந்தவில்லை என்பதற்காகக் கடவுளையே மேலேயிருந்து இறக்கிய பள்ளியில் படித்தவர் ஓனோ. அந்தக் கண்டிப்பைத் தமிழ்ப் பக்கம் வரும்போது தளர்த்திவிட்டார். பரோ, எமனோ இருவரின் திராவிட வேர்ச்சொல் அகராதி அவர் கையில் இருந்தது. அதைப் பார்த்துத்தான் அவருக்கு ஆர்வம் முளைத்தது. ஆனால் ஒப்பீடு பெரும்பாலும் தமிழோடு மட்டும் நின்றது. தெலுங்கு, கன்னடம், கோண்டி, பிராகூயி எல்லாவற்றையும் சேர்த்து மூலத்திராவிட வடிவம் எது என்று கண்டு, அதோடு அல்லவா ஒப்பிட வேண்டும்? தமிழில் உள்ள ஒரு சொல் பிற்காலத்தில் தமிழுக்குள்ளேயே பிறந்ததாக இருந்தால் என்ன செய்வது? தமிழ்ப் பேரகராதி லட்சத்துக்கும் மேற்பட்ட சொல்லுக்கு இடம் கொடுக்கும் கடல். வேர்களோ இரண்டு மூன்று எழுத்து. பொருளைக் கொஞ்சம் அகலமாக வைத்துக்கொண்டு வலை வீசினால் எந்த மொழிக்கும் மீன் விழும். ஜப்பானிய மொழியியலாளர் முராயாமா ஷிசிரோ 1982-இல் இந்தக் கொள்கையை மறுப்பதற்கென்றே ஒரு முழுப் புத்தகம் எழுதினார். 1985-இல் செக் நாட்டுத் தமிழறிஞர் கமில் சுவெலபில் லண்டன் ஆய்விதழில் எழுதிய கட்டுரையின் தலைப்பே ஒரு கேள்வி: தமிழும் ஜப்பானியமும் உறவா?

ஹொங்கராவுக்கும் இதே பதில்தான், சோழன். வட்டார வழக்கில் கிடைத்த ஒரு கூவலை 2,000 வருஷத்துக்குப் பின்னால் தள்ள நடுவில் ஒரு படிக்கட்டும் இல்லை. உங்கள் அத்தையின் கனுப்பிடிக்கு இதனால் ஒரு குறையும் வரப்போவதில்லை.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். 1957-இல் அவர் 'ஜப்பானிய மொழியின் தோற்றம்' என்று ஒரு சிறு நூல் எழுதினார். அடித்தளம் தெற்குக் கடல் மொழி, மேலே கொரியா வழியாக வந்த வடக்கத்திய மொழி என்பது அதன் வாதம். 1994-இல் அதே பதிப்பகம், அதே வரிசை, அதே தலைப்பு. விடை மட்டும் தமிழ். தன் பெயர் போட்ட பழைய விடையைத் தானே மாற்ற எழுபது தாண்டிய வயதில் எத்தனை பேருக்கு மனம் வரும்? நான் அந்த இரண்டாம் விடையை ஏற்கவில்லை. அந்தத் துணிச்சலை மதிக்கிறேன்.

#10 சோழன்82 | ஜனவரி 17, காலை 6.30

ராத்திரி படிச்சுட்டுத் தூக்கம் வரல. ஒத்துக்கறேனா இல்லையான்னு தெரியல. ஆனா "நிரூபித்தார்"ங்கற சொல்லை இனி போட மாட்டேன். "வாதிட்டார்"னு போடறேன், போதுமா?

#11 கிழக்குவாசல் | ஜனவரி 17, காலை 8.45

போதும் போதும்.

'ஹ', 'ப' பேச்சு வந்ததால் ஒன்று. இது ஓனோ கண்டுபிடித்ததல்ல, ஆனால் அவர் நின்ற தரை. ஜப்பானிய எழுத்து வரிசை: அ இ உ எ ஒ. அப்புறம் க, ச, த, ந, ஹ, ம, ய, ர, வ. வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள். நம்ம க, ச, த, ந, ப, ம, ய, ர, வ! பௌத்தத் துறவிகள் சமஸ்கிருதம் எழுதப் பயன்பட்ட சித்தமாத்ருகா எழுத்தைப் படித்ததால் இந்திய அடுக்குமுறை அங்கே போய் ஒட்டிக்கொண்டது. நமக்கும் அவர்களுக்கும் உள்ள சந்தேகமில்லாத தொடர்பு இதுதான், ஆனால் எந்த ஃபார்வர்டிலும் வராது. வரிசையில் 'ப' உட்கார வேண்டிய நாற்காலியில் 'ஹ' உட்கார்ந்திருப்பதைக் கவனியுங்கள். இன்று 'ஹன' என்னும் பூ அன்று 'பன'. 'ப' முதலில் 'ஃப' ஆகி, பிறகு 'ஹ' ஆனது.

நடுக்கட்டத்துக்குச் சாட்சி ஒரு விடுகதை. 1516-ஆம் ஆண்டுத் தொகுப்பில் இருக்கிறது: "அம்மாவை இரண்டு தடவை சந்திக்கும், அப்பாவை ஒரு தடவைகூடச் சந்திக்காது. அது என்ன?" விடை: உதடு. அம்மாவுக்கு இன்று 'ஹஹா'. அதைச் சொன்னால் உதடு சேராது, விடுகதை புரியாது. அன்று 'ஃபஃபா' என்று சொல்லியிருந்தால்தான் உதடுகள் இரண்டு முறை கிட்டே வரும். அப்பா 'சிசி', அதற்கு உதட்டு வேலை இல்லை. ஒரு சின்ன விடுகதைக்குள் ஐநூறு வருஷத்து உச்சரிப்பு உட்கார்ந்திருக்கிறது.

அவருடைய 1974 பழஞ்சொல் அகராதியையும் சொல்லாமல் விடக்கூடாது. சதாகே அகிஹிரோ, மாஎதா கிங்கோரோ இருவரோடு சேர்ந்து தொகுத்தது. மற்ற அகராதியில் 'பூ' என்ற வினையை 'சகு' என்று தேடுவோம். இதில் 'சகி' என்று தேட வேண்டும். பேச்சிலும் ஏட்டிலும் அதிகம் புழங்கும் வடிவம் அதுதான், பெயர்ச்சொல்லாகவும் அதுவே நிற்கும் என்பது அவர் கட்சி. நம் பேரகராதி 'பூ-த்தல்' என்று போடுகிற மாதிரி. முதல் ஒரு வாரம் எனக்குக் கடுப்பு. இப்போது மற்ற அகராதிகளில் தேடும்போது கை தடுமாறுகிறது.

#12 மெய்யெழுத்து | ஜனவரி 17, பகல் 12.10

1993-இல் வந்த 'ககாரி முசுபி' ஆய்வும் உண்டு. யோமியுரி இலக்கியப் பரிசு வாங்கிய நூல். பழைய ஜப்பானியத்தில் 'ஸொ', 'நமு', 'யா', 'கா' போன்ற இடைச்சொல் நடுவில் வந்தால், கடைசி வினை வழக்கமான முற்றாக முடியாமல் பெயரெச்ச வடிவத்தில் நிற்கும். ஏன்? முதலில் வாக்கியம் தலைகீழாக இருந்தது, அழுத்தம் கொடுக்க முன்பின் மாற்றினார்கள், வினை மட்டும் பழைய உடுப்பிலேயே நின்றுவிட்டது என்பது ஓனோவின் விளக்கம். "நான் பார்த்தது அவனைத்தான்" என்பதை "அவனைத்தான் நான் பார்த்தது" என்று புரட்டுகிறோமே, அதை நினைத்துக்கொள்ளுங்கள். 'பார்த்தேன்' வராமல் 'பார்த்தது' நிற்கிறது.

#13 வடமராட்சியான் | ஜனவரி 17, பின்னேரம் 4.30

உது சிங்களத்திலயும் இருக்கு. "சுனில் ஆவா" எண்டா சுனில் வந்தான். "சுனில் தமய் ஆவே" எண்டா சுனில்தான் வந்தது. 'தமய்' வந்த உடன 'ஆவா' 'ஆவே' ஆகுது. சிங்களம் வடஇந்தியக் குடும்பம், ஜப்பானுக்கும் அதுக்கும் ஒரு சொந்தமும் இல்லை. அப்ப ககாரி முசுபியை வைச்சும் உறவு கொண்டாட ஏலாது எண்டு நானே சொல்லிப்போட்டன் போல. சொந்தக் காலிலயே கோடாலி.

#14 என்3_பயணி | ஜனவரி 17, இரவு 9.20

நான் கேட்டது ஒரு சின்ன சந்தேகம், இப்ப எனக்கு ஒரு வருஷத்துக்குப் படிக்க இருக்கு. அந்தப் பயிற்சி ஏடு என்3 அளவுக்குப் புரியுமா அண்ணா?

#15 கிழக்குவாசல் | ஜனவரி 17, இரவு 9.41

புரியாது, தம்பி. அது ஜப்பானியருக்காக எழுதியது. மேல் நிலையான என்1 முடிச்சிட்டு வா, என் பிரதியை அனுப்பி வைக்கிறேன். முதல் பதினைந்து பக்கத்தில் என் பென்சில் கிறுக்கல் இருக்கும், அதைப் பார்த்து எழுதிடாதே. எனக்கே பாதிதான் சரி.

#16 வடமராட்சியான் | ஜனவரி 18, காலை 10.05

ராத்திரி ஊருக்கு அம்மாவுக்குப் போன் எடுத்து அந்த உதட்டு விடுகதையைச் சொன்னன். மனுசி அங்க இருந்து "அம்மா... அப்பா... அம்மா... அப்பா" எண்டு நாலைஞ்சு தரம் சொல்லிப் பாத்திட்டு, "ரெண்டுக்கும்தானே ஒட்டுது, உது என்னடா விடுகதை?" எண்டு கேட்டா.

'உது' எண்டுதான் கேட்டா. ஏனெண்டா விடுகதை என்ர பக்கம் இருந்தது.